திரையில் வரைந்து துணியில் தைக்க: வாசகர் கேள்விகள்

துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் குவில்ட் போர்வையைக் கணினியில் வடிவமைப்பது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலரும் கேட்டவற்றைச் சேர்த்து இந்த முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: பல வருடங்களாகக் கட்டம் போட்ட நோட்டில் கலர் பென்சிலால் வரைந்துதான் குவில்ட் தைக்கிறேன். மகள் தன்னுடைய பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்திருக்கிறாள். குவில்டுக்கென்றே மென்பொருள் வாங்க வேண்டுமா மேடம், இலவசமாகக் கிடைப்பதே போதுமா?

எதையும் வாங்குவதற்கு முன்னால் எக்செல்லையோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கையோ திறந்து பாருங்கள். சதுரங்களை மட்டும் வைத்து செய்யும் குவில்டுக்கு அதுவே போதும். எக்செல்லில் அகலத்தை எழுத்துக் கணக்கிலும் உயரத்தைப் பாயின்ட் கணக்கிலும் அளப்பதால், இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் கட்டம் சதுரமாக வராது. கோட்டைப் பிடித்து இழுக்கும்போது பக்கத்தில் பிக்சல் எண்ணிக்கை தெரியும். அகலம், உயரம் இரண்டையும் ஒரே பிக்சலில், உதாரணமாக 25-இல் நிறுத்துங்கள்.

அப்புறம் எல்லோரும் செய்வது, கட்டங்களுக்கு நேரடியாக வண்ணம் பூசுவது. அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் துணியின் எண்ணை எழுதுங்கள். வெள்ளை 1, நீலம் 2, கடுகு மஞ்சள் 3 என்று. கண்டிஷனல் ஃபார்மட்டிங் வழியாக, 2 என்றால் நீலம், 3 என்றால் மஞ்சள் என்று சொல்லி வைத்தால் வண்ணம் தானாக வந்துவிடும். இதில் இரண்டு லாபம். கவுன்ட்இஃப் சூத்திரம் ஒவ்வொரு எண்ணும் எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணித் தரும். நீலத்தில் எத்தனை துண்டு வெட்ட வேண்டும் என்று விரல்விட்டு எண்ண வேண்டாம். நீலத்துக்குப் பதிலாகப் பச்சை போட்டுப் பார்க்க ஆசை வந்தால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும், குவில்ட் முழுவதும் மாறும்.

முக்கோணம், நட்சத்திரம் என்று போகும்போது இங்க்ஸ்கேப்புக்கு வாருங்கள். 2003-இலிருந்து இருக்கும் இலவச வரைபடச் செயலி. அதில் கட்டத்தைக் காட்டச் சொல்லி, கோட்டின் முனைகள் கட்டப் புள்ளியில் தானாக ஒட்டிக்கொள்ளும்படி ஸ்னாப் வசதியையும் போட்டுவிட்டுத்தான் நான் முதல் கோடே வரைவேன். முனைகள் மயிரிழை விலகி நின்றாலும் வண்ணம் நிரப்பும்போது தகராறு வரும். ஒரு பிளாக்கை, அதாவது குவில்டில் திரும்பத் திரும்ப வரும் சதுர அலகை, வரைந்து முடித்ததும் டைல்டு குளோன்ஸ் என்ற கட்டளையைப் பாருங்கள். ஒரு வடிவத்தைத் தளம் முழுவதும் திரும்பத் திரும்ப அடுக்க, கணிதப்படி 17 வகைச் சமச்சீர்தான் உண்டு. அந்தப் பதினேழும் அங்கே பட்டியலாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் மாலை போவதே தெரியாது.

குவில்டுக்கென்றே உள்ள மென்பொருளில் நீண்ட காலமாக இருப்பது எலெக்ட்ரிக் குவில்ட். முதல் பதிப்பு 1991-இல் டாஸ் கணினிகளுக்காக வந்தது. 2017-இல் வந்த எட்டாம் பதிப்பு விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். ஆயிரக்கணக்கான பிளாக்குகள் உள்ளேயே இருக்கின்றன. வெட்டும் அளவு, துணிக் கணக்கு, அச்சிட்டுத் துணி வெட்டப் பயன்படும் மாதிரி வடிவமான டெம்ப்ளேட் எல்லாம் கையில் கிடைக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று பெரிய குவில்ட் தைப்பவருக்கு அது தகும். எப்போதாவது தைப்பவர் அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: 12 இன்ச் பிளாக்கை 7க்கு 7 கட்டமாகப் பிரித்து வரைந்தேன். வெட்டும் அளவாக 2 3/16 இன்ச் என்று மென்பொருள் காட்டுகிறது. இதை ஸ்கேலில் எப்படி வெட்டுவது?

வெட்ட வேண்டாம். பிளாக்கின் அளவை மாற்றுங்கள்.

12-ஐ 7-ஆல் வகுத்தால் 1.714. இரண்டு பக்கத் தையலுக்கும் கால் கால் இன்ச்சாகச் சேர்த்து அரை இன்ச் கூட்டினால் 2.214. மென்பொருள் அதைப் பக்கத்தில் உள்ள பதினாறில் ஒரு பங்குக்குச் சுருக்கி 2 3/16 என்று சொல்கிறது. ஒரு துண்டில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஏழு துண்டு சேர்ந்தால் பிளாக் 3/16 இன்ச் குறைந்திருக்கும். பக்கத்து பிளாக்கோடு மூலைகள் ஒன்றாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். தைத்தவர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார், தப்பு வரைபடத்தில் இருக்கும்.

பிளாக்கின் அளவைக் கட்ட எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். 7 கட்டம் என்றால் 14 இன்ச் பிளாக், ஒரு துண்டு தைத்த பிறகு 2 இன்ச், வெட்டும்போது 2½. சின்னதாக வேண்டுமா, 10½ இன்ச் வையுங்கள். துண்டு 1½, வெட்டும்போது 2. ஐந்து கட்டத்துக்கு 10 அல்லது 12½. நாலு கட்டத்துக்கும் ஆறு கட்டத்துக்கும் 12 அழகாக ஒத்து வரும். ஒரே குவில்டில் நாலு கட்ட பிளாக்கும் ஐந்து கட்ட பிளாக்கும் கலந்து வர வேண்டுமென்றால், ஐந்து கட்டத்தை 10 இன்சில் தைத்துச் சுற்றிலும் 1 இன்ச் பட்டை கொடுங்கள். அதுவும் 12 ஆகிவிடும். அந்தப் பட்டை பார்க்கவும் நன்றாக இருக்கும்.

சதுரத்தைக் குறுக்கே வெட்டி எடுக்கும் முக்கோணங்களுக்கு அரை இன்ச் போதாது, 7/8 கூட்ட வேண்டும். தைத்த பிறகு 2 இன்ச் வர வேண்டுமானால் 2 7/8. நான் 3 இன்சாகவே வெட்டி, தைத்து இஸ்திரி போட்ட பிறகு 2½-க்குச் சீவிவிடுவேன். கொஞ்சம் துணி வீணாகும். முனைகள் கூர்மையாக நிற்கும்.

கேள்வி: கணினி சொன்ன அளவுக்கே வெட்டினேன். ஒரு வரிசையில் 16 சதுரம். 32½ இன்ச் வர வேண்டியது, ஏறக்குறைய ஒரு இன்ச் குறைகிறது. மென்பொருளில் கோளாறா?

இல்லை. தையல் கால் இன்ச்சைத் தாண்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் 1/32 இன்ச் கூடுதலாக உள்ளே போனாலே ஒரு தையலுக்கு 1/16 போய்விடும். 16 துண்டுக்கு 15 தையல். 15/16 இன்ச்! நீங்கள் சொல்லும் குறைவு அப்படியே வந்துவிட்டது பாருங்கள்.

திரையில் கோட்டுக்குத் தடிமன் கிடையாது. துணியை மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பும் நூலும் கொஞ்சம் இடத்தைத் தின்னும். அதனால் கால் இன்ச்சுக்கு நூலிழை குறைவாகத் தைக்க வேண்டும். 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 இன்ச்சும், மொத்தம் 3½ இன்ச்சும் இருக்க வேண்டும். குறைந்தால், உங்கள் மெஷினில் வசதி இருந்தால் ஊசியை ஒரு படி வலது பக்கம் நகர்த்தி மறுபடி தையுங்கள். இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள், துணி நீளும். தூக்கி வைத்து அழுத்தினால் போதும்.

கேள்வி: அச்சிட்ட டெம்ப்ளேட் எப்போதும் கொஞ்சம் சின்னதாகவே வருகிறது.

பிரின்ட் கொடுக்கும்போது, தாளுக்குள் அடங்கும்படி சுருக்கு என்ற தேர்வு தானாகவே போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு 100 சதவீதம் என்று வையுங்கள். டெம்ப்ளேட் உள்ள பக்கத்திலேயே 1 இன்ச் சதுரம் ஒன்றை ஓரமாக வரைந்து, அச்சானதும் ஸ்கேலால் அதை முதலில் அளந்துவிடுங்கள்.

கேள்வி: காகிதத்தின் மேல் வைத்துத் தைக்கும் முறையில் பறவை ஒன்றை வரைந்தேன். வலது பக்கம் பார்க்க வேண்டிய பறவை இடது பக்கம் பார்க்கிறது!

அந்த முறையில் கோடு அச்சான பக்கத்தில் தைக்கிறீர்கள், துணியின் நல்ல பக்கம் மறுபக்கத்தில் இருக்கிறது. ஆகவே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பித்தான் வரும். அச்சிடும் முன் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுங்கள். எழுத்து எதையாவது தைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குவில்டுக்கான மென்பொருள் சில தானே திருப்பி அச்சிடும் என்பதால், இரண்டு முறை திருப்பிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திரையில் பார்த்தபோது நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தன. அதே நிறத் துணிகளை வாங்கித் தைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து மங்கலாகிவிட்டது. மனசே உடைந்துபோயிற்று அக்கா. எங்கே தவறினேன்?

நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். குவில்டில் நட்சத்திரத்தை நட்சத்திரமாகக் காட்டுவது வெளிர், அடர்த்தி வேறுபாடு. சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறம்தான். ஆனால் இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால் நாலடி தள்ளி நின்றதும் விளிம்பு தெரியாது. துண்டுகள் சின்னதாக இருந்தால் இன்னும் மோசம். கண் இரண்டையும் கலந்து பழுப்பாக்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கணினியைப் போல ஒரு துணை கிடையாது. வரைந்து முடித்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நட்சத்திரம் தெரிகிறதா? தெரிந்தால் எந்த நிறம் போட்டாலும் அது நிற்கும். தெரியாவிட்டால் எவ்வளவு அழகான துணியும் அதைக் காப்பாற்றாது. துணிகளை எடுத்து வந்ததும் வரிசையாக வைத்து ஃபோனில் படம் பிடித்து அதையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். வெட்டுவதற்கு முன்னால் இதைச் செய்வதை என் வகுப்பில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்தது, திரை தானே ஒளி விடுகிறது. துணி அறையின் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. திரையின் மஞ்சள் நிறம் எப்போதும் துணியின் மஞ்சளைவிடத் துள்ளும். அதிலும் ராத்திரியில் கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதியைப் போட்டுவிட்டு நிறம் தேர்ந்தெடுத்தால் நீலமெல்லாம் பொய் சொல்லும். அதை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் துணியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

மூன்றாவது, பூப்போட்ட துணி. திரையில் அதை வெறும் ரோஸ் நிறமாக நிரப்பியிருப்பீர்கள். உண்மையில் அந்தத் துணியில் வெள்ளைத் தரையில் 3 இன்ச் பூ. 2 இன்ச் சதுரமாக வெட்டினால் ஒரு துண்டில் இதழ், ஒரு துண்டில் இலை, ஒரு துண்டில் வெறும் வெள்ளை. நட்சத்திரத்தின் ஒரு முனை அப்படியே காணாமல் போகும். துணியை ஸ்கேன் செய்து உள்ளே கொண்டுவருவது நல்லது. 100 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 100 பிக்சல் ஒரு இன்ச். பூவின் அளவும் பிளாக்கின் அளவும் நிஜத்தில் உள்ள விகிதத்திலேயே திரையில் நிற்கும். ஃபோனில் படம் எடுக்கிறீர்களென்றால் துணியின் மேல் ஸ்கேலை வைத்து எடுங்கள், பிறகு அதைப் பார்த்து அளவைச் சரிசெய்யலாம்.

படத்தைத் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியும் பார்ப்பேன். பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒவ்வொரு பிளாக்கும் அழகாகத்தான் இருக்கும். குவில்டை யாரும் மூக்கை வைத்துப் பார்ப்பதில்லை, அறையின் வாசலிலிருந்து பார்க்கிறார்கள். தைத்த இந்தக் குவில்டை நீங்கள் பிரிக்க வேண்டாம். நட்சத்திரங்களைச் சுற்றி அடர் நிற நூலால் மேல்தையல் போட்டுப் பாருங்கள், விளிம்பு ஓரளவு எழுந்து வரும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. கையால் வரைந்து அருமையாகத் தைப்பார். கணினியில் வரையச் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறேன். "மெஷினே வரைந்தால் அதில் நான் எங்கே இருக்கிறேன்" என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

வாதம் செய்யாதீர்கள். அம்மா ஏற்கெனவே தைத்த ஒரு பிளாக்கைப் படம் பிடித்துத் திரையில் போடுங்கள். பாதி வெள்ளை பாதி நிறமாக இருக்கும் முக்கோணச் சதுரமாக இருந்தால் ரொம்ப நல்லது. அதை 4க்கு 4 என்று பதினாறு இடத்தில் அடுக்கி, ஒவ்வொன்றையும் திருப்ப மட்டும் அவருக்குக் காட்டிக்கொடுங்கள்.

ஒரு சதுரத்தை நாலு விதமாகத் திருப்பலாம். பதினாறு சதுரத்தையும் திருப்பினால் 429 கோடிக்கும் மேற்பட்ட அடுக்குகள். 1704-இல் செபாஸ்டியன் ட்ருஷே என்ற பிரெஞ்சுத் துறவி, குறுக்கே இரண்டு நிறமாகப் பிரிந்த இதே மாதிரி ஓடுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று ஆராய்ந்து எழுதினார். தாளில் அவரால் கொஞ்சம்தான் வரைய முடிந்தது. திரையில் அம்மா ஒரு க்ளிக்கில் காற்றாடியை வைரமாக்கலாம், வைரத்தை மலைத்தொடராக்கலாம். கோடிக்கணக்கில் பெரும்பாலானவை வெறும் குழப்பம். அதில் எது குவில்ட் என்று பார்த்தவுடன் சொல்ல அம்மாவின் கண்தான் வேண்டும். அந்தக் கண் மென்பொருளில் இல்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். மவுஸை அவர் கையிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் வாங்கிச் செய்துகாட்டத் தொடங்கினால் அவர் எழுந்து போய்விடுவார்.

அதற்குப் பிறகும் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். கையால் வரைவது எந்த விதத்திலும் குறைந்த வேலை இல்லை.

கேள்வி: மென்பொருள் சொன்ன அளவுக்குத் துணி வாங்கியும் போதவில்லை. எப்படிக் கணக்கிடுவது?

சில செயலிகள் பரப்பளவை மட்டும் வகுத்துச் சொல்லும். அதில்தான் ஏமாற்றம். 4½ இன்ச் சதுரம் 100 வேண்டும் என்று வையுங்கள். பரப்பு 2025 சதுர இன்ச். துணியின் அகலம் 44 என்றாலும் கரையை வெட்டி, கோணல் சீவி, 40 இன்ச் என்றே கணக்கு வைக்க வேண்டும். 2025-ஐ 40-ஆல் வகுத்தால் 51 இன்ச் நீளம் போதும் என்று வரும்.

ஆனால் நீங்கள் பட்டையாக அல்லவா வெட்டுகிறீர்கள்? 40 இன்ச் பட்டையில் 4½ இன்ச் துண்டு 8தான் கிடைக்கும். 100 துண்டுக்கு 13 பட்டை, 58½ இன்ச். ஏழரை இன்ச் பற்றாக்குறை. 58½ இன்ச் என்பது ஒன்றரை மீட்டருக்கு மிக நெருக்கம், அதனால் ஒன்றே முக்கால் மீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்துச் சுருங்கவும், ஒரு துண்டு கோணலாகப் போனால் மறுபடி வெட்டவும் இடம் இருக்கும். ஒரே திசையில் நிற்கும் படம் போட்ட துணி என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். அடித்துணியை மேல்பகுதியைவிட நாலு பக்கமும் 4 இன்ச் பெரிதாக வைக்க வேண்டும்.

கேள்வி: பிளாக்குகளைச் சாய்த்து வைர வடிவில் அடுக்கினேன். ஓரங்கள் அலையலையாக இழுத்துக்கொள்கின்றன.

ஓரத்து முக்கோணங்களின் வெளிப்பக்கம் கிராஸாக, அதாவது நூல் ஓட்டத்துக்குச் சாய்வாக, விழுந்திருக்கிறது. வெறும் வரைபடச் செயலிக்கு முக்கோணம் ஒரு வடிவம் மட்டும்தான், துணியில் நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. நேர் நூல் குவில்டின் வெளி ஓரத்தில் வர வேண்டும். 12 இன்ச் பிளாக்குக்குப் பக்கத்து முக்கோணங்களை 18¼ இன்ச் சதுரத்தை இரண்டு குறுக்கிலும் வெட்டி, ஒரு சதுரத்துக்கு நாலாக எடுங்கள். நாலு மூலைக்கும் 9 3/8 இன்ச் சதுரம் இரண்டு, ஒவ்வொன்றையும் ஒரே குறுக்கில் வெட்டினால் போதும். வேறு அளவு பிளாக் என்றால், முதலாவதற்கு பிளாக் அளவை 1.414-ஆல் பெருக்கி 1¼ கூட்டுங்கள். மூலைக்கு 1.414-ஆல் வகுத்து 7/8 கூட்டுங்கள்.

கேள்வி: கல்லூரியில் கணிதம் படிக்கிறேன். தொப்பி வடிவ ஓடு என்று 2023-இல் வெளியானதே, அதை வைத்துக் குவில்ட் தைக்க முடியுமா? திரையில் வரைந்துவிட்டேன், தைப்பது பாட்டி.

முடியும், பாட்டியின் சம்மதம் இருந்தால்! மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: டேவிட் ஸ்மித் என்ற கணித ஆர்வலர் கண்டுபிடித்து, மூன்று ஆய்வாளர்களுடன் சேர்ந்து வெளியிட்ட வடிவம் அது. 13 பக்கம். இந்த ஒரே வடிவத்தை வைத்துத் தளத்தை இடைவெளியில்லாமல் நிரப்பலாம், ஆனால் அந்த அடுக்கு ஒருபோதும் ஒரே சீராகத் திரும்ப வராது.

ஒரு வரைபடத்தை மெஷினில் சுலபமாகத் தைக்க முடியுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஓரத்திலிருந்து ஓரம்வரை நேர்கோட்டில் இரண்டாகப் பிரிக்க முடிகிறதா? பிரிந்த பகுதியை மறுபடி அப்படியே பிரிக்க முடிகிறதா? கடைசித் துண்டுவரை முடிந்தால் எல்லாம் நேர்த்தையல். தொப்பியில் முதல் கோடே விழாது, உள்நோக்கி மடங்கும் மூலைகள் இருக்கின்றன. ஆகவே காகித அச்சின் மேல் துணியை மடித்து, விளிம்போடு விளிம்பு கையால் தைக்கும் முறைதான் சரி.

பாட்டிக்கு வேலையைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. அறுகோணத்தின் மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் நடுவுக்கும் கோடு போட்டால் காற்றில் விடும் பட்டம் போன்ற ஆறு துண்டுகள், அதாவது ஆறு பட்டங்கள், கிடைக்கும். ஒரு தொப்பி என்பது அப்படிப்பட்ட எட்டுப் பட்டங்கள். உன் படத்தின் மேல் அந்த அறுகோண வலையைப் போட்டு, பட்டங்களுக்கு மட்டும் நிறம் கொடு. துண்டுகள் எட்டு மடங்காகும். ஆனால் எல்லாம் ஒரே டெம்ப்ளேட், உள்மூலையில் துணியை வெட்டி மடிக்கும் தொல்லையும் கிடையாது. பட்டம் இடவலம் ஒன்றுபோல் இருப்பதால் இன்னொரு சிக்கலும் தீரும்: தொப்பி அடுக்கில் சில தொப்பிகள் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பி வரும். முழுத் தொப்பியாகவே வெட்டினால், துணிக்கு நல்ல பக்கம் ஒன்றுதான் என்பதால் அவற்றுக்குத் தனி டெம்ப்ளேட் வேண்டும். திருப்பாமலே நிரப்பும் வடிவம் ஒன்றையும் அதே நால்வர் அதே வருடம் வெளியிட்டார்கள், அடுத்த குவில்டுக்கு அதைப் பார்க்கலாம்.

திருப்பி வரும் தொப்பிகளுக்கு மட்டும் ஒரு தனி நிறம் கொடுத்துப் பார். அவை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்பதால் குவில்ட் முழுவதும் அந்த நிறம் சிதறித் தெரியும். முதலில் மூன்று தொப்பி மட்டும் தைத்து, பாட்டி எப்படி உணர்கிறார் என்று கேட்டுவிட்டு மீதியை அச்சிடு.